சிந்தடிக் ஆயில் போட்டே ஆகணுமா?

"டாக்டர், நல்ல மருந்தா எழுதிக் குடுங்க. விலை ஜாஸ்தின்னாலும் பரவால்ல, வெளிய வாங்கிக்கிறேன்."

அரசு மருத்துவமனை ஓபியில் இந்த வசனத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு நாள்கூட முடிந்ததில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுத்தால் முகம் வாடிவிடும். ஊசி போட்டால் திருப்தி. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் பரம திருப்தி.

சிரிக்காதீங்க. கார் சர்வீஸுக்குப் போனால் நீங்களும் நானும் அதே மாதிரிதான் நிற்கிறோம். "அண்ணே, நல்ல ஆயிலா ஊத்துங்க." அவர் கேட்பார், "ஃபுல் சிந்தடிக் போட்டுடலாமா சார்?" நாம் தலையாட்டுவோம். இல்லையென்றால் விலையைக் கேட்டுவிட்டு "சாதாரணமே போதும்ணே" என்போம்.

இரண்டு பதிலுமே தப்பாகப் போகலாம். ஒன்றில் நான் மாட்டினேன். இன்னொன்றில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிற ஒருவர் மாட்டினார். அதனால்தான் இந்த நீளமான திரெட். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை, படித்தது எம்பிபிஎஸ். கை சுட்ட பிறகு தேடிப் படித்தது இது.

முதலில் அவர் கதை.

டாக்ஸி ஓட்டுகிறார், வயது ஐம்பதை ஒட்டி. மாதம் ஒருமுறை பிபி மாத்திரை வாங்க வருவார். டர்போ எல்லாம் இல்லாத பழைய பெட்ரோல் வண்டி. "ஃபுல் சிந்தடிக் போட்டா டபுள் கிலோமீட்டர் ஓடும்" என்று யாரோ சொல்ல, காசைப் பார்க்காமல் போட்டுவிட்டார். 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதை 20,000-க்கு இழுத்தார். நடுவில் ஒரு தடவைகூட டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை. வயதான என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் குடிக்கும். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தபோது பின்சீட்டில் சவாரி இருந்தது. "இறக்கிவிட்டுட்டு பாத்துக்கலாம்னு ஓட்டிட்டேன் சார்."

என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வட்டிக்கு வாங்கினார். வண்டி ஓடாத நாளெல்லாம் வருமானம் இல்லை. அந்த மாதம் அவர் பிபி 180/110. மாத்திரையை மாற்றி எழுதத்தான் என்னால் முடிந்தது.

அடுத்து என் கதை.

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் பிஎஸ்6 டீசல் கார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 7 கிலோமீட்டர். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் "நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டியான ஆயில்தான் சார் தாங்கும்" என்று சாதாரண 15டபிள்யூ-40 ஊற்றினார்கள். பாதி விலை. எனக்கு ரொம்ப சந்தோஷம். சில மாதம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் குறையவே இல்லை, கூடியிருந்தது! அதற்கும் சந்தோஷப்பட்டேன் பாருங்க, அங்கேதான் தப்பு செய்தேன்.

பிஎஸ்6 விதி 2020 ஏப்ரல் 1-இல் வந்தது. அந்த விதிப்படி வந்த டீசல் கார்களின் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, வண்டி நன்றாகச் சூடாகி ஓடும்போது அதை எரித்துவிடும். எரிப்பதற்காகப் பல வண்டிகளில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சுவார்கள். என்னை மாதிரி 7 கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தினால் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும், மிச்ச டீசல் ஆயிலில் இறங்கும். என் டிப்ஸ்டிக்கில் 'கூடியது' டீசல். நீர்த்துப்போன ஆயிலில்தான் என் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயம். ஆயிலில் கலந்திருக்கும் சில உலோகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். கரி எரிந்து போகும், சாம்பல் போகாது, வடிகட்டியிலேயே தங்கும். அதனால்தான் டிபிஎஃப் வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஆயில் என்று தனி ரகம் கேட்கிறார்கள். டப்பாவில் 'ஏசிஇஏ சி2', 'சி3' என்று இருக்கும். எனக்கு ஊற்றியதில் அது இல்லை. வடிகட்டி அடைத்ததற்கு ஆயில் மட்டும்தான் காரணம் என்று பழி போட மாட்டேன், என் குட்டிப் பயணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நான் மிச்சம் பிடித்த பணத்தைப் போல பல மடங்கு போனது.

ஒருத்தர் தேவையில்லாமல் உயர்ந்த ஆயில் போட்டார், நான் தேவையான இடத்தில் மிச்சம் பிடித்தேன். இரண்டு பேருமே வண்டியோடு வந்த கையேட்டைத் திறக்கவில்லை.

சரி, 'சிந்தடிக்' என்றால் என்ன?

பழைய ஆட்கள் சொல்லும் அர்த்தத்தில், பாலிஆல்ஃபாஓலிஃபின் மாதிரி மூலக்கூறுகளை ரசாயன முறையில் கட்டி உருவாக்கிய எண்ணெய். கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகப் பதப்படுத்தி, கிட்டத்தட்ட அதே தரத்துக்குக் கொண்டுவரும் முறையும் உண்டு, அதற்கு குரூப் 3 என்று பெயர். இதையும் சிந்தடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் சண்டை வந்தது. 1999-இல் விளம்பரத் தகராறுகளைப் பார்க்கும் அமைப்பு 'விற்கலாம்' என்று சொல்லிவிட்டது. அதனால் டப்பாவில் அந்த வார்த்தை இருப்பதை மட்டும் வைத்து உள்ளே இருப்பது எந்த ரகம் என்று சொல்லிவிட முடியாது. குரூப் 3 மட்டம் என்று அர்த்தமும் இல்லை, நன்றாகவே உழைக்கும்.

நல்ல சிந்தடிக்கின் பலம் நிஜம். சூட்டில் சீக்கிரம் கெடாது, குளிரில் உறையாது, ஆவியாவது குறைவு. கேள்வி உங்கள் என்ஜினுக்கு அந்த பலம் தேவையா என்பதுதான்.

இப்போ டப்பா மேல் இருக்கும் நம்பர். 5டபிள்யூ-30 என்றால் முதல் பாதி குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது. '30' என்பது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் சோதிப்பார்கள். வேலூர் மார்கழியிலும் நமக்கு அந்தக் கவலை இல்லை. அப்புறம் ஏன் நம்ம ஊர் காருக்கும் 0டபிள்யூ-20 கேட்கிறார்கள்? மைலேஜ், புகை விதிகள் இதற்காக என்ஜினையே மெல்லிய ஆயிலுக்கு ஏற்ற மாதிரி வடிவமைக்கிறார்கள். ஆயில் பம்ப், உள்ளே இருக்கும் நுண்ணிய வழிகள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. வெளியில் எத்தனை டிகிரி வெயில் அடித்தாலும் ஓடும் என்ஜினுக்குள் ஆயில் கிட்டத்தட்ட 100 டிகிரிக்குப் போய்விடும். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்" என்பது "கவர்மென்ட் மாத்திரைக்கு பவர் கம்மி" மாதிரி. ஊரெல்லாம் சொல்கிறது என்பதால் உண்மை ஆகிவிடாது.

ஆக, என் கருத்து இதுதான்:

1. கையேட்டில் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று இருந்தால் வாக்குவாதமே வேண்டாம். சாதாரண மினரல் எண்ணெயில் அந்த அளவைத் தொட முடியாது. சிந்தடிக்தான்.

2. டர்போ பெட்ரோல் என்றால் கஞ்சத்தனம் வேண்டாம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். மட்டமான ஆயில் அந்தச் சூட்டில் கரியாகிப் படியும். 2020-இல் வந்த 'ஏபிஐ எஸ்பி' தரம், இந்த வகை என்ஜின்களில் எரிபொருள் நேரம் தவறி வெடிப்பதையும் டைமிங் செயின் தேய்வதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. டப்பாவில் அந்த எழுத்துகளைத் தேடுங்க.

3. டிபிஎஃப் உள்ள டீசலா? கையேடு கேட்கும் சாம்பல் குறைவான ரகத்தையே கேட்டு வாங்குங்க. வாரம் ஒரு தடவையாவது பைபாஸில் வண்டியை நன்றாகச் சூடாக ஓடவிடுங்க. டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறினால் என்னை மாதிரி சந்தோஷப்படாதீங்க, உடனே காட்டுங்க.

4. டர்போ இல்லாத பழைய பெட்ரோல் வண்டி, கையேடே மினரல் ஆயிலை அனுமதிக்கிறது. அப்படியென்றால் அதையே நேரத்துக்கு மாற்றுங்க, போதும். அந்த வித்தியாசக் காசு வீட்டுக்கு ஆகும். ஆசைக்கு அதே நம்பரில் சிந்தடிக் போட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மாற்றும் நாளைத் தள்ளிப்போடாதீங்க.

5. டாக்ஸி, டிராஃபிக், ஏசி போட்டு நின்றபடி ஓடும் என்ஜின், தூசி ரோடு, குட்டிப் பயணம், இதெல்லாம் கடினமான உபயோகம். கையேட்டில் இதற்குத் தனியாகச் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது ஓடும் என்ஜின் கிலோமீட்டரில் ஏறாது.

6. பைக்குக்கு கார் ஆயில் ஊற்றாதீங்க. கியர் பைக்கின் கிளட்ச் அந்த ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும், வழுக்கிவிடும். அதற்கு 'ஜாசோ எம்ஏ' என்று தனித் தரம்.

7. காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுங்க. அதில் போலி ஆயில் நிரப்பி விற்க ஆள் இருக்கிறார்கள்.

8. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அது நெஞ்சு வலி மாதிரி. "இறக்கிவிட்டுட்டு பாத்துக்கலாம்" கிடையாது. ஓரங்கட்டி அந்த இடத்திலேயே என்ஜினை அணைங்க.

எட்டில் எதுவும் ஞாபகம் நிற்கவில்லையா? அடுத்த சர்வீஸில் "நல்ல ஆயிலா ஊத்துங்க" என்று சொல்லாமல், கையேட்டில் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக் காட்டி "இந்த நம்பர், இந்தத் தரம்" என்று கேளுங்க. டப்பாவை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்க.

டாக்ஸி அண்ணன் போன வாரம் வந்தார். வண்டி ஓடுகிறது, மினரல் ஆயில்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் டிப்ஸ்டிக் பார்க்கிறாராம். கடன் இன்னும் பாக்கி. பிபி 140/90.

"சார், மாத்திரைய மட்டும் நல்ல கம்பெனியா வெளிய எழுதிக் குடுங்களேன்" என்றார்.

"அண்ணே, ஆயில் கதைய மறந்துட்டீங்களா?" என்றேன். சிரித்துக்கொண்டே நம்ம ஆஸ்பத்திரி மாத்திரையை வாங்கிப் போனார்.

வீட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அனுப்புங்க.