அளவுகோலையும் அளந்து பார்ப்போம்

ஓர் அறிவியல் துறையில் வெற்றி கண்ட மாதிரியைப் பிறிதொரு துறை கடனாகப் பெறுவது இருபதாம் நூற்றாண்டு முதல் பெருவழக்காகிவிட்டது. அணுவின் சிதைவைக் கணிக்கும் முறை மொழியின் வயதைக் கணிக்க வந்தது. உயிரினங்களின் கால்வழியை ஆராயும் கணிப்பொறி முறை மொழிக்குடும்பங்களின் கால்வழியை ஆராய வந்தது. கடன் பெறுவதில் இழுக்கில்லை. ஆயின், ஓரிடத்தில் சரியாக அளந்த கோல் மற்றோரிடத்திலும் சரியாக அளக்கின்றதா என்று சோதியாமல் எடுத்தாள்வது ஆய்வு ஆகாது. தமிழாய்வில் ஈடுபடும் மாணவர் இதனைத் தம் துறைக்குப் புறம்பான செய்தியாகக் கருதலாகாது என்பதே என் கருத்து.

கரிமக் காலக்கணிப்பை முதலில் நோக்குவோம். உயிருள்ளவை யாவும் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரிமத்தை இயற்கையிலிருந்து பெற்றுக்கொண்டே இருக்கின்றன. உயிர் நீங்கியபின் அவ்வரவு நின்றுவிடுகின்றது. உள்ளிருப்பது சிதைந்து ஏறத்தாழ 5730 ஆண்டுகளில் பாதியாகின்றது. எஞ்சியதை அளந்தால் வயது புலப்படும். இம்முறையை வகுத்த வில்லார்டு லிப்பி, 1949இல் ஜேம்ஸ் ஆர்னால்டுடன் இணைந்து வெளியிட்ட கட்டுரையில், வயது முன்னரே தெரிந்த பொருள்களை அளந்து காட்டினார். எகிப்திய மன்னன் சோசரின் கல்லறையிலிருந்து கிடைத்த மரம் அவற்றுள் ஒன்று. தெரியாததை அளக்கப் புகுமுன் தெரிந்ததை அளந்து தம் கோலைச் சோதித்த அந்நேர்மை போற்றத்தக்கது. 1960இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அத்துடன் சோதனை முடிந்துவிடவில்லை. காற்றில் கார்பன்-14இன் அளவு எக்காலத்தும் ஒரே சீராக இருந்தது என்பது லிப்பியின் எடுகோள். மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டபோது அவ்வெடுகோள் முற்றும் சரியன்று எனத் தெரிந்தது. எனவே இன்று ஒவ்வோர் அளவீடும் திருத்தக் கோட்டுடன் பொருத்தப்பட்ட பின்னரே ஆண்டாக மாற்றப்படுகின்றது. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையிலான பகுதியில் அக்கோடு சமதளமாகக் கிடக்கின்றது. ஆதலின் அக்காலத்துப் பொருள்களுக்குக் குறுகிய கால எல்லையை வரையறுப்பது கடினம். 2019இல் வெளிவந்த கீழடி அறிக்கையில் ஒரு மாதிரிக்குக் கூறப்பட்ட கி.மு. 580 என்னும் ஆண்டு இப்பகுதிக்குள் அடங்குவதை ஈண்டு நினைவிற்கொள்க. இதனால் கீழடியின் பெருமை குறைந்துவிடாது. ஓர் எண்ணை மட்டும் மேடையில் முழங்காது, அதன் முன்பின் எல்லைகளையும், மண்ணடுக்கையும், உடன் கிடைத்த எழுத்துப் பொறிப்புகளையும் சேர்த்துப் பேசினால்தான் அப்பெருமை நிலைபெறும்.

இனி மொழிக்கு வருவோம். அமெரிக்க மொழியியலறிஞர் மோரிஸ் ஸ்வாதேசு, கரிமக் கணிப்பை முன்மாதிரியாகக் கொண்டு 1950களில் மொழிக் காலக்கணிப்பு முறையை உருவாக்கினார். கண், நீர், நாய் போன்ற அடிப்படைச் சொற்கள் நூற்றின் பட்டியலை எடுத்துக்கொண்டால், ஆயிரம் ஆண்டில் ஏறத்தாழ 86 சொற்கள் மாறாமல் நிற்கும் என்பது கணக்கு. பிரிந்த இரு மொழிகளும் தனித்தனியே சொற்களை இழப்பதால், ஆயிரம் ஆண்டின் முடிவில் இரண்டிற்கும் பொதுவாக ஏறத்தாழ 74 சொற்கள் எஞ்சும். பொதுச் சொற்களை எண்ணினால் பிரிந்த காலம் கிடைத்துவிடும் என அவர் கருதினார்.

1962இல் பெர்க்சுலாண்டு, ஃபோக்ட் என்னும் இரு நார்வே அறிஞர் இக்கணக்கை வரலாறு தெரிந்த மொழிகளின்மேல் வைத்துப் பார்த்தனர். ஐஸ்லாந்து மொழி தன் பழஞ்சொற்களைக் கணக்கு அனுமதித்ததைவிட மிகுதியாகக் காத்திருந்தது. அதனோடு உடன்பிறந்த நார்வே மொழியோ வேறு வேகத்தில் மாறியிருந்தது. ஒரே சீரான வேகம் என்னும் அடித்தளமே ஆட்டங்கண்டது. காரணம் வெளிப்படை. கரிம அணு, தான் எந்த மரத்தில் இருக்கிறோம் என்று அறியாது. சொல்லோ பேசுவாரின் வாழ்வோடு ஒட்டியது. வணிகமும் ஆட்சியும் சமயமும் கல்வியும் அதனை மாற்றவும் செய்யும், காக்கவும் செய்யும்.

தோல்வியும் பயனுடையதாயிற்று. பின்வந்தோர் வேகம் மொழிக்கு மொழி மாறலாம் என்பதையும் மாதிரிக்குள் இடம்பெறச் செய்தனர். 2018இல் வெளியான ஆய்வொன்று, 20 திராவிட மொழி வழக்குகளின் அடிப்படைச் சொற்களைக் கொண்டு பல மாதிரிகளை ஒப்பிட்டு, திராவிட மொழிக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டு எனக் கணித்தது. 4500 என்ற எண் நம்மிடையே விரைந்து பரவியது. ஆனால் அவ்வாய்வாளர் தந்த எல்லை ஏறத்தாழ 3000 முதல் 6500 வரை விரிவது என்பதை எடுத்துரைத்தோர் மிகச் சிலரே.

இங்குத்தான் தமிழறிந்தோர் கேட்க வேண்டிய வினாக்கள் உள்ளன. 'குருதி' என்பது பழந்தமிழ்ச் சொல். இன்று மக்கள் நாவில் வழங்குவது 'இரத்தம்'. எழுத்து வழக்கைப் பட்டியலிட்டால் சொல் நிற்கின்றது. பேச்சு வழக்கைப் பட்டியலிட்டால் இழக்கப்படுகின்றது. 'தண்ணீர்' என்று தகவலாளர் கூறினால் அதனை 'நீர்' என்பதன் தொடர்ச்சியாகக் கொள்வதா, புதுச்சொல்லாகக் கொள்வதா? இரட்டை வழக்குடைய மொழிக்கு இத்தகைய தீர்மானங்கள் ஒவ்வொன்றும் கணக்கின் விடையை அசைக்கக்கூடும். கணிப்பொறி இவ்வினாவை எழுப்பாது. தமிழ் படித்தவரே எழுப்ப வேண்டும்.

நம் ஆய்வேடுகளின் நிலை என்ன? மேலைநாட்டுக் கோட்பாடு ஒன்றைச் சங்கப் பாடல்களின்மேல் பொருத்தி, 'முற்றும் பொருந்துகின்றது' என முடிப்பன பல. பொருந்தாத பாடல் ஒன்றுகூட இல்லையா என வாய்மொழித் தேர்வில் வினவினால் மௌனமே விடை. எல்லாவற்றிற்கும் பொருந்தும் என்னும் கோட்பாடு எதனையும் விளக்குவதில்லை. 'இலக்கியம் ஆய்வுக்கூடப் பொருள் அன்று' என்பர் சிலர். உண்மையே. ஆயினும் அதனைப் பற்றி நாம் கூறும் கூற்று சோதனைக்கு உரியதே. குறுந்தொகையின் 401 பாடல்களிலும் முதல், கரு, உரி மூன்றும் ஒரே திணைக்கு இயைவன எத்தனை, இயையாதன எத்தனை என ஒரு மாணவர் எண்ணிக் காட்டட்டும். இயையாதவற்றிலிருந்தே புதிய ஆய்வு பிறக்கும்.

இது நமக்குப் புதிய நெறியன்று. தொல்காப்பியர் திணை வகுத்ததோடு திணைமயக்கத்தையும் உரைத்தார். விதிகளைக் கூறியபின் அவற்றுள் அடங்காதவற்றிற்குப் புறனடையும் வகுத்தார். தன் விதி எங்கே நின்றுவிடுகின்றது என்பதைத் தானே சுட்டுவது இலக்கணியின் துணிவு. நம் ஆய்வேடு ஒவ்வொன்றிலும் 'பொருந்தாதன' என்றோர் இயல் கட்டாயமாக இடம்பெற வேண்டும். நெறியாளரும் தேர்வாளரும் அவ்வியலையே முதலில் படிக்க வேண்டும். மாணவர் அளவுகோலை மதிக்கட்டும். மதிப்பதற்கு முன் அதனை அளந்தும் பார்க்கட்டும்.