பழைய பந்தயக் கார் வாங்கும் படலம்



நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்று பார்த்தே முன்பணம் கொடுக்க வேண்டும் என்று சில திங்களுக்கு முன் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த சங்க அன்பர் ஒருவர் ரேணிகுண்டா நிலையத்தில் என்னைக் கண்டு, "நிலம் எங்கும் ஓடிவிடாது, அதற்கே இத்தனை விசாரணை சொன்னீர்கள். ஓடுகிற வண்டிக்கு ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகவே கேட்டார். ஆயினும் அதே வாரத்தில் என் தமக்கையின் வீட்டில் அப்படி ஓர் ஓடுகிற வண்டி பெருங்கலகத்தை மூட்டிக்கொண்டிருந்தது என்பதை அவர் அறியார்.

என் தமக்கையார் சித்தூரில் வாழ்க்கைப்பட்டவர். என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவருடைய கணவர் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றார். ஒரே மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வயது இருபத்தாறு. அவனுக்கு நெடுநாளாக ஓர் ஆசை: இருவர் மட்டும் அமரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும், அழுத்தினால் அம்பு போல் பாயும் பந்தய ஜாதிக் கார் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று. புதிதாய் வாங்க நம் போன்றோரால் ஆகுமா? எனவே சென்னையில் ஒரு கடையில் 2014-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட செர்மானிய வண்டியொன்றைக் கண்டுபிடித்தான். விலை 21 லட்சம். தன் சேமிப்பு போக, தந்தையார் 9 லட்சம் தருவதாக ஏற்பாடு. ஐம்பதாயிரம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அந்த ஒன்பது லட்சம் என் தமக்கையின் முழங்கால் சிகிச்சைக்கென ஒதுக்கி வைத்த பணம் என்பதும், இவ்வேற்பாடு அவருக்குத் தெரியாது என்பதும் எனக்குப் பின்னர் தெரிய வந்தன.

"எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டேன்.

"மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர், மாமா."

"எங்கே போகும்?" என்றேன். அவனுக்கு விடை வரவில்லை.

நம் ஊரில் வண்டி வாங்கியவன் முதலில் போகும் இடம் திருமலை. மலைப்பாதைகள் இரண்டு, முதலாவது 1944-இலும் இரண்டாவது 1974-இலும் திறக்கப்பட்டவை. அங்கே தேவஸ்தானத்தார் விதித்த காலக்கணக்கு நாமெல்லாரும் அறிந்ததே: ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம், அதற்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் குற்றம். விரைந்து சென்றமைக்காகத் தண்டம் கட்டும் பாதையில் முந்நூறு குதிரைத்திறனுக்கு என்ன வேலை? உண்மையாகவே வேகம் வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரி திடல் இருக்கிறது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் கோவைக்காரர்தாமே! இவ்வாறெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில், மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த தந்தையார் மெல்ல, "சோழவரத்தை விட்டுவிட்டீர்களே" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. அவர் இளமையில் செங்குன்றம் பக்கத்தில் வளர்ந்தவர். உலகப்போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில் ஆண்டுதோறும் நடந்த கார்ப் பந்தயத்தை வேலியோரம் நின்று பார்த்த பையன்களில் அவரும் ஒருவர். மகனுடைய ஆசைக்குப் பின்னால் தந்தையின் ஆசையும் ஒளிந்திருந்தது. இருவரையும் எதிர்த்து வாதிடுவது வீண் என்று கண்டு, "சரி, வாங்குவதற்கு முன் நானும் வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

நிற்க. கார் வாங்கும் பேச்சில் நாம் முதலில் கருத வேண்டியது, நாம் இரு மாநிலத்து மனிதர்கள் என்பதை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் வேலூரிலும் திருத்தணியிலும். ரேஷன் அட்டையும் வாக்குரிமையும் இங்கே. சென்னையில் மலிவு என்று வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டு எண்ணோடே ஆண்டுக்கணக்கில் சித்தூரில் ஓடும் வண்டிகள் எத்தனை! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இருக்குமானால், அங்கே புதிய எண் பெற்றாக வேண்டும். அதற்கு, பழைய பதிவு அலுவலகத்தினின்று தடையில்லாச் சான்று வேண்டும். இது 28-ஆம் படிவம். வரி பாக்கியிருந்தால் இச்சான்று கிடைக்காது. கடன் கொடுத்தவருடைய இசைவு இல்லாவிட்டாலும் கிடைக்காது. ஆகவே, "சான்று பிறகு வாங்கிக்கொள்ளலாம், வண்டியை எடுத்துப் போங்கள்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த அவசரத்திற்குக் காரணம் தேட வேண்டும். சான்று வந்த பின் இங்கே வாழ்நாள் வரி. அதை நாம் கொடுத்த விலையைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை. வண்டியின் ஆதி விலையையும் வயதையும் பார்த்தே கணக்கிடுகிறார்கள். அறுபது லட்சத்துக் காரை இருபது லட்சத்துக்கு வாங்கினேன் என்று மகிழ்பவர் இவ்விடத்தில்தான் திகைத்து நிற்பார். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்திற்குரியதைத் திரும்பக் கேட்கலாம்; கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

பெயர் மாற்றத்தை ஒத்திப் போடுவோர் விற்பவரிலும் உண்டு, வாங்குபவரிலும் உண்டு. வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது சட்டம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் அளித்த தீர்ப்பை அனைவரும் அறிந்திருப்பது நலம். ஒருவர் தம் காரை விற்றார்; வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார்; அவர் வேறொருவருக்கு. பதிவேட்டில் மட்டும் முதலாமவர் பெயரே நின்றது. கார் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி எவர் என்றால், பதிவேட்டில் பெயருள்ளவரே என்று முடிவாயிற்று. வண்டியைக் கண்ணால் கண்டே ஆண்டுகள் ஆனவர் தலையில் வழக்கு விழுந்தது. வேகமான வண்டியை விற்பவர்கள் இதை இருமுறை படிக்கட்டும். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாணிகம் செய்வோர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதியும் வந்துள்ளது. கடைக்காரரிடம் அதைக் காட்டுமாறு கேட்பதில் வெட்கம் எதற்கு?

காகிதங்கள் சரியாயிருந்தும் எண்கள் பொய்யாயிருக்கக் கூடும். 2012-இல் டில்லி மோட்டார் கண்காட்சியில் 'அவந்தி' என்ற பந்தயக் கார், இந்தியாவில் செய்யப்படும் பந்தயக் கார் என்ற பெருமையோடு அறிமுகமாயிற்று. புனே பக்கத்தில் செய்தார்கள். ரெனால்ட் கம்பெனியாரின் இரண்டு லிட்டர் எஞ்சின். 2020 டிசம்பரில் மும்பைப் போலீசார் தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய அவந்தி ஒன்றைப் பிடித்தனர். அதே எஞ்சின் எண்ணும் அதே சேஸிஸ் எண்ணும் அரியானாவில் வேறொரு பதிவிலும் இருப்பதாகக் கூறி, நிறுவனரைக் கைது செய்தனர். ஒரே வண்டியின் பேரில் பல கடன்கள் எழுப்பப்பட்டன என்பது போலீசார் சாட்டிய குற்றம். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது வண்டியில் பொறித்த எண்ணைத்தான். சான்றிதழில் அச்சிட்டிருப்பதைப் படித்து நிறைவடையாமல், குனிந்து உடம்பிலுள்ள எண்ணைப் படிக்க வேண்டும். மத்திய அரசின் 'பரிவாகன்' தளத்தில் பதிவெண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், கடன், இன்ஷூரன்ஸ் முடிவு முதலியன தெரியும். கைத்தொலைபேசியே போதும்.

இனிச் சென்னைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும், பழுது பார்ப்பதில் கை தேர்ந்த நம்மூர் மெக்கானிக் ஒருவரும் அக்கடைக்குச் சென்றோம். வண்டி மிக அழகாயிருந்தது. பொய் சொல்லுவானேன், எனக்கே ஒரு கணம் மனம் இளகிற்று. "டாக்டர் ஓட்டிய வண்டி, சார்" என்றார் கடைக்காரர். பழைய கார்க் கடைகளில் நிற்கும் வண்டிகள் அனைத்தும் டாக்டர்கள் ஓட்டியவையே. ஏனையோர் ஓட்டிய கார்களெல்லாம் எங்கே போகின்றனவோ தெரியவில்லை. நாங்கள் சித்தூர்க்காரர்கள் என்று அறிந்ததும், "காணிப்பாக்கம் பிள்ளையார் மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு குறையும் கிடையாது" என்றார். அந்தச் சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்ய நம் பக்கத்தில் எவரும் அஞ்சுவர். ஆனால் அவர் சத்தியம் செய்த இடத்திலிருந்து சந்நிதி நூறு மைலுக்கு அப்பால் இருந்தது.

தந்தையார் ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்காமலிருக்க முயன்றேன்.

மெக்கானிக் எஞ்சினைத் தொடவேயில்லை. முதலில் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். எப்போதும் சுருளுக்குள் கிடக்கும் கடைசி முழத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. பிறகு பின்புறப் பெட்டியின் விரிப்பைத் தூக்கிக் குழியில் விரலை விட்டு எடுத்தார்; மாவு போன்ற வண்டல். இருக்கைக்கு அடியிலிருந்த திருகாணிகள் துருவேறியிருந்தன. வாசனைத் திரவியம் அளவுக்கு மீறித் தெளித்திருந்ததன் காரணமும் அப்போது விளங்கிற்று. "இது தண்ணீரில் நின்ற வண்டி, ஐயா" என்றார். பதிவேட்டைப் பார்த்தோம்: 2024-இன் தொடக்கத்தில் பெயர் மாறியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் அவ்வாறே. வெள்ளத்தில் மூழ்கிய விலையுயர்ந்த கார்களை முழு நட்டம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தீர்த்துவிட்டு ஏலத்தில் விடுகின்றன. அவை கழுவித் துடைத்துப் பக்கத்து மாநிலங்களில் வாங்குவோரை நாடி வருகின்றன. சாதாரணக் காரானால் ஒருவாறு சமாளிக்கலாம். பந்தய ஜாதிக் காரில் கியர் மாற்றுவது முதல் கதவு பூட்டுவது வரை கணிப்பொறிப் பெட்டிகளின் ஆட்சி. அவை பெரும்பாலும் தரைமட்டத்தில், விரிப்புக்கு அடியில் இருக்கின்றன. நீர் புகுந்த இணைப்புகள் ஓராண்டு சும்மா இருந்துவிட்டு, ஒரு நாள் நெடுஞ்சாலை நடுவில் கணக்குத் தீர்க்கும்.

முன்னைய இன்ஷூரன்ஸ் கோரிக்கை விவரத்தைக் கேட்டோம். கடைக்காரருக்கு அதுவரை இருந்த பேச்சுத்திறன் திடீரெனக் குறைந்துவிட்டது.

எங்கள் ரெயில் பெட்டிகளின் ஓரத்தில், கடைசியாகப் பணிமனையில் முழுப் பழுது பார்த்த தேதியும் மறுபடி போக வேண்டிய தேதியும் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கும் எவரும் படிக்கலாம். தனியார் காருக்கு அப்படி எழுத்து ஏதும் இல்லை. டயரின் பக்கத்தில் மட்டும் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள்; 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. நாங்கள் பார்த்த வண்டியில் நான்கு டயர்களும் வெவ்வேறு ஆண்டினவாயிருந்தன. நான்கையும் மாற்ற ஆகும் தொகையை மெக்கானிக் சொன்னபோது, அது என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டி நின்றது.

ஐம்பதாயிரத்தில் இருபதாயிரம் திரும்பி வந்தது. அதுவும் இரண்டு மணி நேர வாக்குவாதத்திற்குப் பின். முன்பணத்திற்கு ரசீதில் "திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதியிருந்ததைப் பையன் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தான். ரெயிலில் திரும்பும்போது அரக்கோணம் வரை ஒருவரும் பேசவில்லை. அதன் பிறகு தந்தையார் மட்டும், "அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன்" என்றார். சொல்லியும்விட்டார். என் தமக்கை அன்று ஒன்றும் பேசாமல் சோறு போட்டாராம். மறுநாள் அந்த ஒன்பது லட்சத்தைத் தம் பெயரிலேயே வங்கியில் வைப்பு நிதியாக மாற்றிக்கொண்டாராம். சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

ஆனால் ஆசை அவ்வளவு எளிதில் அடங்குமா? இப்போது தந்தையும் மகனும் 'செடியா' ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர்த் தொழிற்சாலையில் செய்த மிட்சுபிஷி கார் அது. இரண்டு லிட்டர் எஞ்சின், ராலிப் பந்தயங்களில் பெயர் எடுத்தது. இப்போது உற்பத்தியில் இல்லை. உதிரிபாகத்திற்கு அலைய வேண்டும். ஆயினும் விலை மூன்று லட்சம், அதுவும் பையனுடைய சொந்தப் பணம். வண்டி வேலூரில் இருக்கிறது. சென்ற வியாழனன்று தந்தையார் அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்பிள்ளை, பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்துவிட்டேன், சுத்தமாயிருக்கிறது. சேஸிஸ் எண்ணைப் படிக்கத்தான் கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உமக்கு டியூட்டி உண்டா?"