திருத்தம் மூலப்படிக்குப் போய்ச் சேரட்டும்



உங்களில் பலர் மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். "இது சாருக்கு எதுக்கு?" என்று சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு என் அக்கா பேரனிடம் பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அவன் லினக்ஸுக்கான சில மென்பொருள் தொகுப்புகளைச் சம்பளம் இல்லாமல் பராமரிக்கிறான். பைத்தான் புதிய பதிப்பு வந்தாலே ஞாயிற்றுக்கிழமைகூட அவனுக்கு ஓய்வு கிடையாது. அவனுக்கு வரும் கடிதங்களில் பாதி திட்டுதான்.

2023 அக்டோபரில் பைத்தான் 3.12 வந்தது. நேற்றுவரை ஒழுங்காக 'பில்டு' ஆன தொகுப்புகள் பல நின்றுபோயின. முக்கியமான காரணம், தொகுப்புகளைக் கட்டி நிறுவ இருபது ஆண்டுக்கு மேல் உதவிய 'டிஸ்ட்யூட்டில்ஸ்' பைத்தானிலிருந்து நீக்கப்பட்டதுதான். இது திடீரென்று நடந்ததா? இல்லை. 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்தே "இது போகப்போகிறது" என்ற எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது.

இன்னொன்று கேளுங்கள். சோதனை நிரல்களில் 'அசர்ட்ஈக்குவல்ஸ்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. கடைசி 'ஸ்' இல்லாமல் எழுதுவதே சரி என்று 2011இல் வந்த 3.2 பதிப்பிலேயே எச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். 3.12இல் பழைய பெயரை எடுத்தே விட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தும், அந்த ஓர் எழுத்தால் சோதனையில் தோற்று நின்ற தொகுப்புகள் உண்டு.

திருத்துவது பெரும்பாலும் சின்ன வேலைதான். 'டிஸ்ட்யூட்டில்ஸ்' இருந்த இடத்தில் 'செட்அப்டூல்ஸ்', 'இம்ப்' இருந்த இடத்தில் 'இம்போர்ட்லிப்' என்று மாற்ற வேண்டும். பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. வகுப்பில் கேள்வியை முழுதாகப் படிக்காமல் விடை எழுதியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது!

ஆனால் பலர் செய்வது என்ன? சோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். அல்லது பழைய பைத்தானிலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒரு பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் ஐந்து ஆண்டு அளவில்தான் கிடைக்கும். 3.8க்கு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்தால் மழை நின்றுவிடுமா?

வேறு சிலர் நன்றாகவே திருத்துகிறார்கள், ஆனால் தங்கள் அலுவலகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். என் வருத்தம் இதில்தான். ஒரு பாடநூலில் பிழை கண்ட ஆசிரியர் தன் பிரதியில் மட்டும் பேனாவால் திருத்திக்கொண்டால், மற்றப் பள்ளிப் பிள்ளைகள் தவறாகவே படிப்பார்கள். அச்சிடுகிறவருக்கு எழுதினால்தான் அடுத்த பதிப்பு சரியாகும். மென்பொருளுக்கும் இதுவே விதி. ஒரே பிழையை நூறு அலுவலகங்களில் நூறு பேர் தனித்தனியாகத் திருத்துவது எவ்வளவு உழைப்பு வீண்!

இலவசமாகக் கிடைத்த தொகுப்பை வைத்துத்தான் உங்களில் பலர் சம்பளம் வாங்குகிறீர்கள். அதில் தவறில்லை. அதைப் பராமரிக்கிறவருக்கு "ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?" என்று எழுதுவதற்குப் பதில், திருத்திய நான்கு வரியை அனுப்புங்கள். கூடவே ஒரு நன்றியும் சொல்லுங்கள். உங்கள் மேலாளரிடமும் இதற்கு வாரம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

யாராவது அப்படி அனுப்பியிருந்தால் கீழே எழுதுங்கள். புரியாவிட்டாலும் படித்து மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்