அக்கியும் மறதியும்: தறிக்குழியில் எவரும் காணாத நோய்

காஞ்சிபுரத்துக் குழித்தறியில் கால் மிதிக்க வேண்டும். கை நாடாவைச் செலுத்த வேண்டும். மூளை இழைக்கணக்கை மறவாதிருக்க வேண்டும். கணக்குத் தவறினால் நெசவாளியைச் சோம்பேறி என்றோ குடிகாரர் என்றோ ஏசிவிடலாம். அவர் தலித்தாக இருப்பின் அவ்வசை இன்னும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. எச்ஐவியுடன் வாழ்பவரிடம் அத்தடுமாற்றம் மூளை நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டியுள்ளது.

எச்ஐவி, தொற்றிய தொடக்கத்திலேயே மூளையை அடைந்துவிடுகிறது. மறதி, கவனச்சிதறல், விரல்களின் மந்தம் ஆகியவை பின்னாளில் தோன்றக்கூடும். நோயெதிர்ப்பாற்றல் குன்றும்போது, உடலில் உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்களும் விழித்தெழுகின்றன. சின்னம்மை வைரஸ் அக்கியாக வெளிப்படுகிறது. சிலருக்கு மூளையின் இரத்தக் குழாய்களையும் தாக்குகிறது. சிடி4 எண்ணிக்கை 50-க்குக் கீழே சரிந்தால் சைட்டோமெகலோ வைரஸ் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் மூளையழற்சிக்குச் சிகிச்சை இல்லையேல் பத்தில் ஏழு பேர் வரை இறக்கின்றனர். காய்ச்சலுடன் வலிப்போ மனக்குழப்பமோ கண்டு இந்நோய் என ஐயுற்றால், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் ஊசிமருந்தைத் தொடங்குவதே மருத்துவ நெறி.

அக்கி கண்டால் காவி எழுதுவது நம் ஊர் வழக்கம். ஆனால் இளவயதில் வரும் அக்கி, எச்ஐவி பரிசோதனைக்கான அழைப்பாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. அம்மருந்து ஆயுளை நீட்டியது. மூளைக்கும் அதுவே முதல் அரண். எனினும் மாத்திரையும் சிடி4 எண்ணும் மட்டுமே சிகிச்சை ஆகிவிடா. மூளை ஸ்கேனுக்கும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனைக்கும் பெரிய மருத்துவமனையை நாடும் கூலி நெசவாளி, அன்றைய ஊதியத்தை இழக்கிறார். முன்பணக் கடனில் இருப்பவரோ விடுப்புக்கும் காரணம் சொல்ல வேண்டும். சாதி இழிவுக்கு அஞ்சியவர் நோய் இழிவுக்கும் அஞ்சி வாய் மூடுகிறார்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்ஐவி சட்டம், வேலையிலும் மருத்துவத்திலும் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. அவசர சிகிச்சை குறித்த புகாரில் குறைதீர்ப்பாளர் இயன்றவரை 24 மணி நேரத்திற்குள் ஆணையிட வேண்டும் என்கிறது. இவ்வுரிமை தறிக்குழி வரை எட்ட வேண்டும். கூட்டு மருந்து மையங்கள் ஒவ்வொன்றிலும் நினைவாற்றலையும் விரல் வேகத்தையும் சோதிக்கும் எளிய பரிசோதனை வழக்கமாக வேண்டும். மேல்சிகிச்சைக்குச் செல்லும் நாளுக்கு ஊதிய ஈடும் வேண்டும். நாம் கேட்பது இரக்கமன்று, உரிமை.