விமானத்துக்கும் அறைக்கும் நடுவே ஒரு படகு

திருவனந்தபுரத்திலிருந்து சென்னை வான்வழியில் சுமார் 600 கிலோமீட்டர். மாலத்தீவின் தலைநகரான மாலேயும் ஏறக்குறைய அதே 600 கிலோமீட்டர்தான். சென்னைக்குப் புறப்படுகிறவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. மாலேக்கு என்றால் மட்டும் ‘லாட்டரி விழுந்ததா?’ என்று கேட்கிறார்கள். வெள்ளை மணல், தண்ணீருக்கு மேல் குடில், சினிமா நட்சத்திரங்களின் தேனிலவு என்று நம் மனதில் ஒட்டிக்கொண்ட படம் அப்படி.

டிராவல் ஏஜெண்டுகள் விற்பதும் அந்தப் படத்தைத்தான். ‘விமானம், ஹோட்டல் உட்பட’ என்று தடித்த எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அதைப் பார்த்தவுடன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டுக்கும் நடுவே இருக்கும் கடலைத் தாண்டிவிட யார் பணம் தருவது? மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். விமானம் இறங்குவது ஒரு தீவில், அறை இருப்பது வேறொரு தீவில். ஆட்டோ பிடித்துப் போக முடியாது. தூரத்து ரிசார்ட் என்றால் கடல் விமானம்தான். போய்வர ஒரு தலைக்குச் சில நூறு டாலர் ஆகிவிடும். அதுவும் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலே போய்ச் சேர்ந்தால் அன்றிரவு அங்கேயே இன்னோர் அறை எடுக்க வேண்டியதுதான். தொகுப்பில் அந்த அறை இராது.

அடுத்தது வரி. அறை வாடகையின்மீது சுற்றுலா சேவை வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். அதோடு பத்து சதவீத சேவைக் கட்டணம். 2025 ஜனவரியில் பசுமை வரியும் இரட்டிப்பானது. ரிசார்ட்டில் நாளொன்றுக்குத் தலைக்கு 12 டாலர். மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் விடுதி என்றால் 6 டாலர். அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் நான்கு நாள் தங்கினால் ரிசார்ட்டில் இந்த வரி மட்டும் 192 டாலர். சின்ன விடுதியில் 96. விளம்பரத்தில் உள்ள விலை வரிக்கு முன்பா, பின்பா என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நம் ஊர் வருமான வரித்துறையும் இதில் வருகிறது. விமான டிக்கெட்டும் அறையும் சேர்ந்த வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்கினால், விற்பவர் அதன்மேல் ஒரு வரியை முன்கூட்டியே வசூலித்துக் கட்டியாக வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்றாலும், புறப்படும் மாதத்தில் அது கையைவிட்டுப் போன பணம்தான். டிக்கெட்டை ஓரிடத்திலும் அறையை வேறிடத்திலும் தனித்தனியாக வாங்கினால் அது தொகுப்பே அல்ல. கொஞ்சம் மெனக்கெட முடிந்தவர்களுக்கு இதுவே வழி என்பது என் கட்சி. விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள்.

சிக்கனப் பயணம் சாத்தியமானதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1972இல் திறந்த முதல் ரிசார்ட்டின் பெயர் குரும்பா. திவேஹி மொழியில் இளநீர்க் காய் என்று பொருள். நம் குரும்பையை நினைவூட்டும் சொல். அதன்பின் பல்லாண்டுகள் ‘ஒரு தீவு, ஒரு ரிசார்ட்’ என்பதே கொள்கை. பயணி ஒரு தீவில், உள்ளூர்க்காரர் வேறு தீவில். மக்கள் வாழும் தீவில் வெளிநாட்டவரைத் தங்கவைத்துப் பிழைக்கும் வாய்ப்பு உள்ளூர்க் குடும்பங்களுக்கு இல்லை.

மாலேக்குத் தெற்கே 27 கிலோமீட்டரில் மாஃபுஷி என்ற தீவு. அங்கே ஒரு சிறை. 2003 செப்டம்பரில் அந்தச் சிறையில் ஏவான் நஸீம் என்ற 19 வயது இளைஞர் அடித்தே கொல்லப்பட்டார். கொதித்தெழுந்த கைதிகள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் மேலும் சிலர் இறந்தார்கள். மாலேயில் கலவரம் வெடித்தது. அங்கே தொடங்கிய எதிர்ப்பு, 2008 தேர்தலில் கயூமின் 30 ஆண்டு ஆட்சியை முடித்துவைத்தது. முன்பு கைதியாக இருந்த முகம்மது நஷீத் அதிபரானார். அவருடைய ஆட்சியில்தான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகளுக்குக் கதவு திறந்தது. இன்று அந்த விடுதிகளுக்குப் பெயர் போனது அதே மாஃபுஷி. சிறையும் அங்கேயேதான் இருக்கிறது. மத்தியதர வர்க்கத்துக்குக் கட்டுப்படியாகும் விடுமுறை இந்த வழியாக வந்தது என்பது எந்த விளம்பரத்தாளிலும் இல்லை.

அந்த விடுதியில் தங்குகிறவர் ஊருக்குள் தங்குகிறார். மது கிடையாது, கொண்டுபோகவும் கூடாது. நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். வழிபாட்டுக்கான விக்கிரகங்களைச் சுங்கத்தில் அனுமதிப்பதில்லை. பெட்டியில் சின்னப் பிள்ளையாரை வைத்துக் கட்டும் மாமிகள் கவனிக்கவும். காலை உணவு மாஸ் ஹுனி: தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்த சூரை மீன். சைவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

‘லட்சத்தீவு இருக்கும்போது இதெதற்கு?’ என்று 2024 ஜனவரியில் ஒரு கூச்சல் எழுந்தது. பிரதமரின் லட்சத்தீவுப் படங்களை மாலத்தீவின் துணை அமைச்சர்கள் கேலிசெய்ய, நம்மவர்கள் புறக்கணிப்பில் இறங்கினார்கள். 2023இல் 2 லட்சத்தைத் தாண்டிய இந்தியப் பயணிகள் 2024இல் சுமார் 1.3 லட்சமானார்கள். கோபம் நியாயமாகவே இருக்கட்டும். லட்சத்தீவுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும், பெரும்பாலும் கொச்சி போய்த்தான் ஏறவேண்டும், அறைகளோ கொஞ்சம். விலை மட்டும் எப்படி இறங்கும்?

மாலே விமானத்தை நம்பித் திட்டமிடுகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் வருபவர்களில் பலர் நோயாளிகள். மெடிக்கல் காலேஜ், குமாரபுரம் பக்கம் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கும் மாலத்தீவுக் குடும்பங்களை இந்நகரம் பல்லாண்டுகளாக அறியும். நாம் கடலில் குளிக்கப் போகிறோம். அவர்கள் ஸ்கேன் எடுக்க வருகிறார்கள். தள்ளிப்போட முடியாத பயணம் அவர்களுடையது. எனவே கடைசி நேரத்தில் மலிவாக இடம் கிடைக்கும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அறை விலை ஏறியிருக்கும். மே மாதம் இறங்கும். மழையும் அப்போதே தொடங்கும். பிள்ளைகளின் விடுமுறையும் அதே மாதம் என்பதால் குடையோடுதான் போக நேரும். மாலேயிலிருந்து மாஃபுஷிக்குப் பயணிகள் படகில் ஒன்றரை மணி நேரம், சில டாலர்தான் செலவு. ஸ்பீட்போட்டில் அரைமணிச் சொச்சம். கட்டணம் பல மடங்கு. வெள்ளிக்கிழமை அந்த மலிவுப் படகு பெரும்பாலும் ஓடாது. டிக்கெட்டில் தேதி போடுமுன் கிழமையைப் பாருங்கள்.