வெள்ளக் கணக்கும் நமது பொறுப்பும்

கூட்டல் சரியாயிருப்பதனால் மட்டும் கணக்குச் சரியாகிவிடாது என்பதைச் சங்கக் காரியதரிசிகள் யாவரும் அறிவர். சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றைப் பார்வையிட்டேன். பேரேட்டின் பக்கங்கள் எல்லாம் பிசகின்றிக் கூடின. ஆனால், கிடங்கில் மழைநீரில் நனைந்து பாழான நூலும் நல்ல நூலின் விலையிலேயே இருப்பில் ஏறியிருந்தது. கூட்டியவர் மீது குற்றமில்லை. முதலில் எழுதிய பதிவே பிழை. அணை உடைந்தால் வெள்ளம் எவ்வாறு பாயும் என்று கணிப்பொறியால் கணக்கிடும் முறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பேரேடுதான் என் நினைவுக்கு வருகிறது.

அம்முறையைச் சுருக்கமாகச் சொல்லுவேன். பாவும் ஊடையும் போல நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எவ்வளவு என்று கணக்கிடுவது ஒரு வழி. நீரையே பல லட்சம் துகள்களாகப் பாவித்து, ஒவ்வொரு துகளுக்கும் எடை, வேகம், அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அண்டையிலுள்ள துகள்கள் அதனை எவ்வாறு தள்ளுகின்றன என்று நொடிக்கும் குறைந்த காலத்துக்கு ஒருமுறை கணக்கிடுவது மற்றொரு வழி. இந்தத் துகள் முறை 1977-ல் வான நூலாருக்காகத் தோன்றியது. அதைக் கண்டவருள் ஒருவரான ஆஸ்திரேலியப் பேராசிரியர் மோனகன், 1994-ல் அணை உடைந்து பாயும் நீருக்கும் அது பொருந்துமெனக் காட்டினார். நீர் சிதறும்போதும், சுவரில் மோதி மடிந்து விழும்போதும் கட்ட முறை திணறுகிறது. துகள்களோ நீரோடு நீராகச் செல்கின்றன.

ஆனால் செலவு பெரிது. துகளின் அளவைப் பாதியாக்கினால் அதே நீருக்கு 8 மடங்கு துகள்கள் வேண்டும். கால இடைவெளியையும் குறைக்க வேண்டியிருப்பதால் வேலை ஏறத்தாழ 16 மடங்காகும். ஆகவே, அணையின் அருகிலும் கட்டிடங்களைச் சுற்றியும் நீர் மோதுவதை ஆராயத் துகள் முறை பெரிதும் உதவுகிறது. பல மைல் நீளமுள்ள பள்ளத்தாக்குக்குக் கட்ட முறையையே பெரும்பாலும் கையாளுகின்றனர்.

கணக்கு மெய்தானா என்று எவ்வாறு அறிவது? அதற்கு ஒரு துயரமான உரைகல் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தின் தெற்கே, பாசனத்துக்கும் குடிநீருக்குமாகக் கட்டப்பெற்ற மால்பாசே அணை, 1959 டிசம்பர் 2-ந் தேதி இரவு 9 மணி 13 நிமிடத்துக்கு உடைந்தது. 66 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவு அணையின் அடிப்பாறை நீரின் அழுத்தத்துக்கு இடங்கொடுத்துவிட்டது. சுமார் 5 கோடி கன மீட்டர் நீர் புறப்பட்டு, அரை மணி நேரத்துக்குள் பிரெஜூஸ் நகரை எட்டியது. மாண்டவர் நானூறு பேருக்கும் மேல். வழியிலிருந்த மின்மாற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலற்ற நேரம் பதிவாகியிருந்தது. நீர் ஏறிய உயரத்தைப் போலீசார் இரு கரைகளிலும் அளந்தனர். 1964-ல் நானூறில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியும் அமைக்கப்பெற்றது. இன்றும் வெள்ளக் கணக்கு முறைகளை இந்த அளவுகளோடு ஒப்பிட்டே சோதிக்கின்றனர். கிடங்கு இருப்போடு பேரேட்டை ஒப்பிடுவது போன்றதே இது.

ஒப்பிட்டுச் சோதித்த முறையாயினும், அதில் இடும் பதிவு பிழையானால் பயனில்லை. இத்தாலி நாட்டு வயோன்ட் அணை இதற்குச் சான்று. மலைச்சரிவு நீர்த்தேக்கத்தில் விழுந்தால் அலை எவ்வளவு உயரும் என்று 1961, 1962 ஆம் ஆண்டுகளில் மாதிரி அமைத்து ஆராய்ந்தனர்; 700 மீட்டர் மட்டம் அபாயமற்றது என்றனர். 1963 அக்டோபர் 9-ந் தேதி நீர் ஏறத்தாழ அம்மட்டத்திலேயே இருந்தது. ஆனால், அவர்கள் எண்ணியதைவிட மிக வேகமாக, சுமார் 27 கோடி கன மீட்டர் மலை ஒருசேரச் சரிந்தது. அணை நின்றது, அலை அதைத் தாண்டிச் சென்று சுமார் 2,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாதிரி செய்தவர்கள் திறமையற்றவர்களல்லர். ஊகம் பிழையாயிற்று, அந்த ஊகத்தின் மேல் ஊரார் உறங்கினர்.

இதில் நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நம் நெசவாளர் பலர் நீர் வசதியை நாடி ஆற்றோரம் குடியிருப்பவர்கள். வெள்ளம் புகுந்தால் முதலில் நிரம்புவது குழித்தறியின் குழியே. விதையும் உரமும் நூலும் அடுக்கிய கிடங்குகளும் பல ஊர்களில் தாழ்ந்த நிலத்திலேயே உள்ளன. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட அணைகள் ஒவ்வொன்றுக்கும் நெருக்கடிகாலத் திட்டம் வேண்டும் என்கிறது. வெள்ளத்தால் பாதிக்கப்படக்கூடிய இடங்களும், எச்சரிக்கை செய்யும் முறையும் அதில் அடங்கவேண்டும். அந்த வரைபடம் அலுவலகப் பெட்டியில் உறங்குவதற்கன்று. மகாசபையில் விரித்துப் பார்ப்பதற்குரியது என்பதே என் கருத்து.

மக்கள் வீணே பீதியடைவார்கள் என்று சிலர் தயங்குகின்றனர். சங்கத்தின் நஷ்டக் கணக்கைப் படித்தால் அங்கத்தினர் ஓடிவிடுவார்கள் என்று சொன்ன தலைவர்களையும் நான் கண்டதுண்டு. மறைத்த சங்கங்களே முதலில் கலைந்தன.

ஆற்றோரச் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட நிர்வாகத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். அணை எவ்விதம், எவ்வளவு நேரத்தில் உடையும் என்று ஊகித்தீர்கள்? மண் அணை சில மணி நேரம் அரித்து உடையும். மால்பாசே போன்ற வளைவு அணை நொடியில் போகும். எந்த ஆண்டின் நில அளவையைக் கொண்டு கணக்கிட்டீர்கள்? அதன்பின் எழுந்த வீடுகளும் சாலைக் கரைகளும் நீரின் வழியை மாற்றும். எங்கள் தெருவுக்கு நீர் வர எத்தனை நிமிடம், இரவில் எங்களை எழுப்புபவர் யார்?

துகள்களைக் கணக்கிடுவது கற்றவர் வேலை. பதிவு சரியா என்று கேட்பது அங்கத்தினர் ஒவ்வொருவருடைய வேலை. அடுத்த கிடங்குக்கு அடிக்கல் நாட்டுமுன் அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.