பழைய கணிப்பொறிக் கோப்புகளும் வெற்று உரையும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் கணிப்பொறியில் தட்டச்சிடப்பட்ட மண் ஆய்வு அறிக்கைகளும், பயிர்க் குறிப்புகளும், பள்ளிக் கையேடுகளும் இந்நாட்டின் அலுவலகங்கள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. காகிதமாயிருந்தால் கரையான் அரித்தது போக மிஞ்சியதையேனும் எவரும் படித்துவிடலாம். கணிப்பொறிக் கோப்போ ஓர் எழுத்தும் குறையாமல் இருக்கும்போதே படிக்க இயலாததாகி விடுகின்றது. இவற்றை வெற்று உரைக் கோப்புகளாக மாற்றும் வேலையை இனியும் தள்ளிப்போடலாகாது. ஆனால், அது இயந்திரத்திடம் முழுதும் ஒப்படைத்துவிடத்தக்க வேலையும் அன்று.

சொற்செயலி ஒவ்வொன்றும் எழுத்துகளுக்கிடையே தனக்கே விளங்கும் குறிகளைப் புகுத்துகிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டின் பழைய கோப்பு அமைப்பின் விவரம் 2008-இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. அக்கோப்புகளுள் சிலவற்றில், எழுதியவர் அழித்துவிட்ட வாக்கியங்களும் உள்ளே தங்கியிருப்பதுண்டு; முரட்டு முறையில் உரையைப் பிரித்தெடுத்தால் அவையும் உயிர்பெற்று வந்து சேரும். வெற்று உரையிலோ எழுத்துகளுக்குரிய எண்கள் வரிசையாக நிற்பதன்றி வேறொன்றுமில்லை. 1992-இல் வகுக்கப்பட்ட யூடிஎஃப்-8 முறையில் அமைந்த உரையை இன்றைய எந்தக் கணிப்பொறியும் திறந்து காட்டும்.

1978-இல் வெளிவந்த வேர்டுஸ்டார் ஒரு நல்ல உதாரணம். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டுகள் போதுமாகையால், எஞ்சிய எட்டாவது பிட்டை அச்செயலி தன் குறியாகப் பயன்படுத்திச் சொற்களின் இறுதி எழுத்துகளில் வைத்தது. எனவே, அக்கோப்பை வேறொரு செயலியில் திறந்தால் சொல்லுக்குச் சொல் கடைசி எழுத்து சிதைந்து தோன்றும். எட்டாவது பிட்டை நீக்கிவிட்டால் ஆங்கிலம் தெளிந்துவிடும். ஆனால், 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட இஸ்கி முறையில் இந்திய மொழி எழுத்துகள் யாவும் அந்த எட்டாவது பிட்டைக் கொண்டே குறிக்கப்படுகின்றன. அங்கே அதே சிகிச்சையைச் செய்தால் பக்கம் முழுவதும் பாழாகும்.

இதனினும் பெரிய தொல்லை எழுத்துருக்களால் விளைந்தது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டபோது, கோப்பில் பதிவானவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. திரையில் தோன்றிய தமிழ் எழுத்துருவின் வேடமே தவிரக் கோப்பில் இருந்ததன்று. இந்திக்கான கிருதி தேவ் எழுத்துருவின் கதையும் இதுவே. எந்த எழுத்துரு என்பது மறந்துபோனால், மிஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

எழுத்துருவின் பெயர் தெரிந்தபோதும் இடர் தீர்வதில்லை. பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக் கொம்பு முதலிலும் மெய்யெழுத்து பின்னரும் பதிவாகும். யூனிகோடிலோ வரிசை மாறி நிற்கும். அன்றியும், ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் பழைய எழுத்துருவில் ஒரே வடிவம். ஆகவே, ‘மருந்து தெளித்தல்’ என்பதை மாற்றும்போது, கவனமற்ற நிரல் ‘தெ’யையும் அடுத்த ளகரத்தையும் சேர்த்துத் ‘தௌ’ ஆக்கி, இகரக் குறியை அந்தரத்தில் தொங்கவிட்டுவிடும். பின்னர் ‘தெளித்தல்’ என்று தேடுபவருக்கு அக்குறிப்பு அகப்படாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கி வைத்தால் போதாதா என்போர் உண்டு. பார்வைக்குப் போதும். ஆனால், பழைய எழுத்துருவில் ஆக்கிய பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்துப் பார்த்தால் மீண்டும் அதே ஆங்கிலக் குவியலே வரும். அதில் தேடவும் இயலாது. பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் கருவியும் அதைப் படிக்க மாட்டாது.

எனினும், வெற்று உரையில் இழப்பு இல்லாமலில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கிராம் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் தொகை 10⁶ என்று எழுதப்பட்டிருந்தால், மேலே நின்ற ஆறு கீழே இறங்கி 106 ஆகிவிடக்கூடும். பத்து இலட்சம் நூற்றாறாகிறது! அட்டவணையின் கட்டங்கள் கலைந்தால் ஜூன் மாத மழை ஜூலையின் கணக்கில் ஏறிவிடும். இத்தகைய பிழைகளை எழுத்துப்பிழைபோல் எளிதில் கண்டுகொள்ள முடியாது. அவை மெய்யான எண்களாகவே காட்சியளிக்கும்.

ஆதலால், தொலைவிலுள்ள ஒப்பந்தக்காரரிடம் கட்டாகக் கொடுத்துக் கட்டாகத் திரும்பப் பெறும் வழக்கம் இங்கு உதவாது. அவ்வூர்களின் பெயரையும், பயிர் வகைகளையும், எண்களின் இயல்பான அளவையும் அறிந்த களப் பணியாளரோ ஆசிரியரோ பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி மாற்றம் முடிந்ததாகக் கொள்ளலாகாது. அன்று தட்டச்சிட்டவர்களுள் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். எந்த எழுத்துரு, எந்தச் செயலி என்று அவர்கள் இன்று நினைவிலிருந்து சொல்லும் ஒரு வார்த்தை பல நாள் ஆராய்ச்சியை மிச்சப்படுத்தும். சோனி நிறுவனமே 2011-இல் ஃபிளாப்பித் தட்டு உற்பத்தியை நிறுத்திவிட்டமையால், தட்டுகளில் இருப்பவற்றை முதலில் பிரதி எடுத்துக்கொள்வது நலம்.

மாற்றிய பின்னரும் மூலக் கோப்பை அழித்தல் கூடாது. அதன் அருகிலேயே, பழைய செயலியின் பெயர், எழுத்துருவின் பெயர், மாற்றிய நாள், ஒப்பிட்டவர் பெயர், கைவிடப்பட்ட படங்கள் ஆகியவற்றைக் கூறும் சிறு குறிப்பொன்றை, அதுவும் வெற்று உரையிலேயே, எழுதி வைக்க வேண்டும்.